அந்நியப் பட்டணத்தில் இறங்கிய விழுது



பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நாம், எந்தப் பட்டணத்தில் இருந்தாலும் சபையாய்க் கூடும்போதெல்லாம் அந்தப் பட்டணத்திற்காக ஜெபிக்கிறோம். அதிகாரிகளுக்காக ஜெபிக்கிறோம், சமாதானத்திற்காக ஜெபிக்கிறோம், எழுப்புதலுக்காகக் கண்ணீரோடு மன்றாடுகிறோம். இது நல்லது, இதை ஒருபோதும் விடலாகாது. ஆயினும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இருபது வருஷம், முப்பது வருஷம் நாம் ஜெபித்துவரும் இப்பட்டணத்தின் மண்ணை நம் கைகள் எப்போதாவது தொட்டதுண்டா?

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய நிருபத்தை நீங்கள் அறிவீர்கள் (எரேமியா 29). அந்நியப் பட்டணத்திற்காக ஜெபிக்கவேண்டும் என்னும் பகுதியைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு இரண்டு வசனங்கள் முன்பாகவே, அங்கே வீடு கட்டிக் குடியிருக்கவும் தோட்டம் போடவும் தேவன் சொல்லியிருக்கிறார். நம் பிரசங்கங்களில் இந்தத் தோட்டத்தைக் குறித்து அதிகமாய்க் கேட்பதில்லை.

ஹவுராவிலுள்ள தாவரவியல் பூங்காவில் சில வருஷங்களாகச் சனிக்கிழமை காலைகளில் தன்னார்வத் தொண்டு செய்துவருகிறேன். அங்கே கண்டதையும், அதினால் எழுந்த கேள்விகளையும், கர்த்தர் உணர்த்தியதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பஞ்சத்தின் நினைவில் பிறந்த தோட்டம்

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், சிவ்பூர் பகுதியில், 273 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது இப்பூங்கா. 1787ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான கர்னல் ராபர்ட் கைட் என்பவரால் தொடங்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுமுதல் ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அது தொடங்கப்பட்ட காரணம் சிந்திக்கத்தக்கது. 1770ஆம் ஆண்டின் கொடிய பஞ்சம் வங்காளத்தைச் சூறையாடியிருந்தது. கைட், தமது திட்டத்தைக் கம்பெனிக்கு எழுதியபோது, வேடிக்கைக்காக அரிய செடிகளைச் சேர்ப்பதைவிட, பஞ்சகாலத்தில் ஜனங்களுக்கு உணவாகக்கூடிய சவ்வரிசிப் பனை, பேரீச்சை போன்றவற்றை வளர்த்துப் பரப்புவதையே முதன்மையாகச் சொன்னார். கம்பெனிக்கு வியாபார நோக்கங்களும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. கப்பல் கட்டத் தேக்கும், விற்பனைக்கு வாசனைப் பொருள்களும் அதற்கு வேண்டியிருந்தன. ஆனாலும் பசியால் மாண்டவர்களின் நினைவு அத்தோட்டத்தின் அஸ்திபாரத்தில் இருக்கிறது. அதை அறிந்தபின் அங்கே சிதறிக் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கடந்துபோக என் மனம் இடங்கொடுக்கவில்லை.

2020 மே 20 அன்று வீசிய அம்பன் புயலில் இப்பூங்காவின் நூற்றுக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதன் பின்புதான், காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் சிலரோடு சேர்ந்து, பூங்காப் பணியாளர்களின் அனுமதியோடு நான் இவ்வேலையில் இறங்கினேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை. பாதையோரத்துக் குப்பைகளைப் பொறுக்குவோம். இளங்கன்றுகளைச் சுற்றி நெரிக்கும் கொடிகளை அறுப்போம். குளக்கரையில் ஒதுங்கும் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவோம். மரங்களின் பெயர்ப்பலகைகளில் படிந்த பாசியை ஈரத்துணியால் துடைப்போம். இரண்டு மணி நேரத்தில் இடுப்பு நோகும். நகக்கண்ணில் சேறு ஏறும். அவ்வளவே.

கறிவேப்பிலைக்குள் ஒரு சரித்திரம்

வேலை முடிந்தபின் எல்லாரும் மரநிழலில் அமர்ந்து கொண்டுவந்ததைப் பகிர்ந்து உண்பது வழக்கம். வங்காளச் சகோதரிகள் பொரியும் இனிப்பும் கொண்டுவருவார்கள். நான் புளியோதரை கொண்டுபோவேன். ஒருநாள் ஒரு சகோதரி கறிவேப்பிலையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, "இதை உண்பதா, ஒதுக்குவதா?" என்று கேட்டார். எங்களோடு வரும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் அப்பொழுது சொன்ன செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது.

கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கோனிகியை' என்றொரு சொல் உண்டு. அது யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரின் பெயர். அவர் தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். 1768ஆம் ஆண்டில் அவர் எதற்காக இந்தியாவுக்கு வந்தார் தெரியுமா? சீகன்பால்க் ஐயர் தமிழில் வேதத்தை அச்சிட்ட அதே தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தார்! நாம் அனுதினமும் தாளிதத்தில் இடும் இலையின் பெயரிலேயே ஒரு மிஷனெரி மருத்துவர் மறைந்திருக்கிறார்.

அவரோடு சோழமண்டலக் கரையில் பழகியவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இந்த ராக்ஸ்பர்க்தான் 1793ஆம் ஆண்டில் ஹவுராத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அதே 1793ஆம் ஆண்டில்தான் செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து ஊழியத்திற்கு அழைக்கப்பட்ட வில்லியம் கேரி வங்காளத்தில் வந்து இறங்கினார். வேதத்தை மொழிபெயர்த்தவர் என்றே கேரியை நாம் அறிவோம். அவர் செராம்பூரில் தம் கையால் ஒரு பெரிய தோட்டத்தை வளர்த்தார் என்பதையும், ராக்ஸ்பர்க் உடல்நலம் குன்றி நாடு திரும்பியபின் அவர் தொகுத்த ஹவுராத் தோட்டத்துத் தாவரப் பட்டியலை 1814ஆம் ஆண்டில் செராம்பூர் அச்சகத்தில் வெளியிட்டார் என்பதையும், 1820ஆம் ஆண்டில் இந்திய வேளாண், தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவினார் என்பதையும் நம்மில் எத்தனைபேர் அறிவோம்? 1823ஆம் ஆண்டு வெள்ளம் அவருடைய தோட்டத்தைப் பாழாக்கியது. அவரோ சோர்ந்துபோகாமல் திரும்பவும் நட்டார்.

நம் தமிழுக்கு அகராதி தொகுத்த ரோட்லர் ஐயரும் இப்படிப்பட்டவரே. தரங்கம்பாடியிலும் பின்பு சென்னை வேப்பேரியிலும் ஊழியம் செய்த அவர், போகும் ஊர்களிலெல்லாம் செடிகளைச் சேகரித்து உலர்த்திப் பாதுகாத்தார். அவர் பெயராலும் ஒரு தாவர இனத்திற்கு 'ரோட்லரா' என்று பெயரிட்டிருந்தார்கள்.

பிரியமானவர்களே, இவர்களெல்லாரும் ஆத்தும பாரம் இல்லாதவர்களா? அந்நிய தேசத்திற்கு வந்து, அந்தத் தேசத்தின் பாஷையைக் கற்றது போலவே அதன் புல் பூண்டுகளையும் கற்றார்கள். நேசிக்கிற இடத்தை அறிந்துகொள்ள விரும்புவது இயல்பல்லவா?

வெள்ளைச் சேலை எழுப்பிய கேள்வி

ஒரு சிறு சாட்சியையும் சொல்லுகிறேன். நம் சபையின் வழக்கப்படி நகையின்றி வெள்ளைச் சேலையில்தான் நான் பூங்காவுக்கும் போவேன். வங்காளத்தில் மணமான ஸ்திரீகள் கையில் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் அணிந்து, வகிட்டில் சிந்தூரம் இடுவார்கள். வெள்ளைச் சேலையும் வெறுங்கையும் அங்கே விதவையின் அடையாளம். ஆகவே முதல் சில மாதங்கள் அந்தச் சகோதரிகள் என்னிடம் மிகுந்த பரிவு காட்டினார்கள். பாரமான கூடையைத் தூக்கவிடமாட்டார்கள். என் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள். ஒரு சனிக்கிழமையில் என் கணவர் என்னை அழைத்துப்போக வந்து நின்றார். நான் அவரை அறிமுகப்படுத்தியபோது அவர்கள் முகத்தில் தோன்றிய திகைப்பை விவரிக்க என்னால் இயலாது.

"அப்படியானால் தீதி, நீங்கள் ஏன் இப்படி உடுத்துகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நான் விசுவாசிக்கிறவர் இன்னார் என்றும், அவர் என் வாழ்வில் செய்தது இன்னதென்றும் சொன்னேன். சுற்றிலும் ஏழெட்டுப்பேர் அமைதியாய்க் கேட்டார்கள். ஒருவர், தம் மகளுக்காக ஜெபிக்க முடியுமா என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஜெபித்தேன்.

இதைச் சபையில் சாட்சியாகச் சொன்னபோது வாலிபச் சகோதரர்கள் சிலர் உற்சாகமடைந்து, "அடுத்த வாரம் நாங்களும் கைப்பிரதிகளோடு வருகிறோம்" என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். அது சிலருக்கு மனவருத்தமாயிற்று. சுவிசேஷத்தைக்குறித்து வெட்கப்படுகிறேனோ என்றும் ஒருவர் கேட்டார்.

வெட்கமில்லை என்று கர்த்தருக்குமுன் சொல்லுகிறேன். ஆனால் நாம் குப்பை பொறுக்க வருகிறோம் என்று சொல்லித்தான் அனுமதி பெற்றோம். ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்தால், அவர்கள் நம் தொண்டை ஒரு தூண்டிலிரையாகக் காண்பார்கள். அப்படிக் கண்டால் அவர்கள்மேல் குற்றமில்லை. எங்கள் போதகர் இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி ஒரு வழியைச் சொன்னார்: கேட்கிறவர்களுக்கு ஒளிக்கவேண்டாம், கேளாதவர்கள்மேல் சுமத்தவேண்டாம், வேலையை மாத்திரம் உண்மையாய்ச் செய்யுங்கள். அதன்பின் வாலிபர்களில் நான்குபேர் கைப்பிரதி இல்லாமலே வரத்தொடங்கினார்கள். மற்றவர்கள் வரவில்லை. அவர்களோடு எனக்கு இன்றும் இவ்விஷயத்தில் ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம்.

வருகை சமீபம் என்றால் மரம் எதற்கு?

இன்னொரு கேள்வி இதைவிட ஆழமானது. சபையின் மூத்த சகோதரர் ஒருவர் அன்போடுதான் கேட்டார்: "சகோதரி, கர்த்தருடைய வருகை சமீபமாயிருக்கிறது. பூமியும் அதிலுள்ள கிரியைகளும் அழிந்துபோகும் என்றிருக்க, நூறு வருஷம் கழித்து நிழல் தரும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதேன்? அந்த நேரத்தில் ஓர் ஆத்துமாவைச் சந்திக்கலாமே?"

இக்கேள்வியை இலேசாய்த் தள்ளிவிட என்னால் முடியவில்லை. பல நாள் வேதத்தோடு அமர்ந்தேன். எரேமியாவே எனக்குப் பதில் கொடுத்தார். எருசலேமைச் சத்துருக்களின் சேனை முற்றுகையிட்டிருக்கிறது. பட்டணம் விழப்போகிறது என்பதை அவரைவிட நிச்சயமாய் அறிந்தவர் எவருமில்லை. அந்த நேரத்தில் தேவன் அவருக்கு என்ன கட்டளை கொடுத்தார்? ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தை விலைகொடுத்து வாங்கி, பத்திரத்தைப் பத்திரப்படுத்தச் சொன்னார் (எரேமியா 32). முடிவு நெருங்கிவிட்டது என்று அறிந்த மனிதன், தேவனுடைய வாக்கை நம்பி மண்ணை வாங்கினான்.

ஆபிரகாமையும் பாருங்கள். அந்தத் தேசத்தில் ஒரு அடி நிலமும் சொந்தமில்லாத பரதேசியாயிருந்தபோதே பெயெர்செபாவில் மரம் நட்டு, அங்கே கர்த்தரைத் தொழுதுகொண்டார் (ஆதியாகமம் 21). அவர் பரம பட்டணத்திற்குக் காத்திருந்தவர்தான். அந்தக் காத்திருப்பு அவருடைய கைகளைக் கட்டிப்போடவில்லை. எஜமான் எந்நேரத்தில் வந்தாலும், அவர் முதல் மனிதனிடம் ஒப்புவித்த தோட்டக்காரன் வேலையில் நாம் காணப்பட்டால் அது நமக்கு நஷ்டமாகாது. ஓர் ஆத்துமாவைச் சந்திக்கவேண்டிய நேரத்தைத் தோட்டம் திருடிவிடுகிறதா என்று என்னையே நான் சோதித்தும் பார்க்கிறேன். சனிக்கிழமையின் அந்த இரண்டு மணி நேரத்தை நான் வேறெதிலும் ஆத்தும ஆதாயமாய்ச் செலவிட்டதில்லை என்பதே உண்மை.

நடுமரம் இல்லாத ஆலமரம்

இப்பூங்காவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் காண விரும்புவது 250 வருஷங்களுக்கும் மேற்பட்ட பெரிய ஆலமரத்தையே. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு காடு போலிருக்கும். 3 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில், 3,000க்கும் அதிகமான விழுதுகளின்மேல் நிற்கும் ஒரே மரம் அது.

அதன் நடுமரம் எங்கே என்று தேடினால் காணமாட்டீர்கள். 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களில் மரம் காயப்பட்டது. காயத்தின் வழியாய்ப் பூஞ்சணம் புகுந்து நடுமரத்தை அரித்தது. மற்றப் பகுதிகளைக் காப்பாற்றும்பொருட்டு 1925ஆம் ஆண்டில் நடுமரத்தையே வெட்டி அகற்றினார்கள். அதற்குப்பின் நூறு வருஷம் ஆயிற்று. மரம் சாகவில்லை, இன்னும் படர்ந்துகொண்டே இருக்கிறது.

அம்பன் புயலில் இதன் விழுதுகள் பலவும் முறிந்தன. வேலிக்கு இப்பால் நின்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே பணிசெய்யும் முதிய தோட்டக்காரர் ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார். விழுதை வங்காளியர் 'ஜுரி' என்பர். கிளையிலிருந்து நூல் போல இறங்கும் இளம் விழுது, மண்ணைத் தொடும்வரை மரத்துக்குப் பாரமே தவிர பலனில்லை. காற்று அதை அலைக்கழிக்கும். வெயில் அதன் நுனியைக் கருக்கும். ஆகவே மூங்கிலைப் பிளந்து, அதற்குள் மண் நிரப்பி, விழுதின் நுனியை அதற்குள் விட்டுக் கட்டிவிடுகிறார்கள். விழுது அந்த மண்ணின் வழியாய் மெதுவாய் இறங்கித் தரையை அடைகிறது. தரையைத் தொட்டபின் பருத்துத் தூணாகிறது. அதுவரை தன்னைச் சுமந்த கிளையை அது சுமக்கத் தொடங்குகிறது.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நம் ஜனங்களையே நினைத்தேன். நாம் பிறந்து வளர்ந்த ஊராகிய நடுமரம் நம்மில் பலருக்கு இப்போது இல்லை. பெற்றோர் மறைந்தார்கள், வீடு விற்றாயிற்று, வருஷத்துக்கொருமுறை போனாலும் விருந்தாளியாய்ப் போய்வருகிறோம். வந்த பட்டணத்திலோ, "இது நம் ஊர் அல்ல" என்று சொல்லிச் சொல்லியே காலம் கழிக்கிறோம். அங்கும் மண்ணில்லை, இங்கும் மண்ணில்லை. காற்றில் தொங்கும் விழுதாய் இருக்கிறோம். இதில் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் நம் பிள்ளைகள். "அம்மா, நம் ஊர் எது?" என்று என் மகள் பத்து வயதில் கேட்டபோது அவள் பார்த்திராத ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

இன்று அவள் என்னோடு பூங்காவுக்கு வருகிறாள். பெயர்ப்பலகையிலுள்ள வங்காள எழுத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். நான் அம்மரத்தின் தமிழ்ப்பெயரை அவளுக்குச் சொல்லுகிறேன்: இலுப்பை, புங்கை, மருது, நாகலிங்கம். வீட்டில் உட்காரவைத்துக் கற்பித்தபோது அவள் மனதில் நிற்காத சொற்கள், சேறும் வியர்வையுமாய் நிற்கும்போது நின்றுவிட்டன. ஹவுராவின் மண்ணைத் தொட்டதால் அவள் தமிழை இழக்கவில்லை, கொஞ்சம் பெற்றுக்கொண்டாள்.

நீங்கள் செய்யக்கூடியது

எல்லாரும் ஹவுராவுக்கு வர இயலாது. பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு லால்பாக் இருக்கிறது. மும்பையில் இருக்கிறவர்களுக்குப் பைகுலாவின் ராணி பாக் இருக்கிறது. புனேயில் எம்ப்ரஸ் தோட்டம் இருக்கிறது. பெரிய பூங்கா இல்லையென்றால் உங்கள் தெருமுனையில் நகராட்சி வைத்த சிறு பூங்காவேனும் இருக்கும். தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில ஆலோசனைகள்:

முதலாவது, பொறுப்பிலுள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் வேலையைச் செய்யுங்கள்; நமக்குப் பிரியமான வேலையை நாமே தேர்ந்துகொள்ளவேண்டாம். தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு செடிக்கும் கணக்கு உண்டு. ஆகவே கேளாமல் ஒன்றையும் நடவும் பிடுங்கவும் கூடாது.

இரண்டாவது, வாரத்தில் ஒரே நாளில் ஒரே நேரத்தில் தவறாமல் போங்கள். ஒருநாள் ஐம்பதுபேர் போய்ப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஒருவர் ஐம்பது வாரம் போவது பயனுள்ளது. ஞாயிறு ஆராதனைக்கு இடையூறில்லாத நேரமாக இருக்கட்டும்.

மூன்றாவது, அங்கே தினக்கூலிக்கு உழைக்கிறவர்களை மதியுங்கள். நாம் இரண்டு மணி நேரம் செய்வதை அவர்கள் வாழ்நாளெல்லாம் செய்கிறார்கள். அவர்களுடைய பெயரைக் கேட்டு அறிந்து, அவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

நான்காவது, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்லவேண்டாம். ஒரு கூடையைக் கையில் கொடுத்தால் போதும்.

பிரியமானவர்களே, உயிர்த்தெழுந்த காலையில் மகதலேனா மரியாள் நம் ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள் (யோவான் 20). அவர் தம்மை வெளிப்படுத்த அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். தோட்டக்காரன் என்று நினைத்ததற்காக அவளைக் கடிந்துகொண்டதாக நாம் வாசிப்பதில்லை. அந்தப் பெயர் அவருக்கு இழிவாய்த் தோன்றவில்லையானால், நமக்கு ஏன் தோன்றவேண்டும்?

தேவன் உங்களை எந்தப் பட்டணத்தில் தொங்கவிட்டிருக்கிறாரோ அந்தப் பட்டணத்தின் மண்ணைத் தொடுங்கள். நீங்கள் இறங்கிய இடத்தில், உங்களுக்குப்பின் வருகிற ஒரு கிளை சாய்ந்துகொள்ள இடம் உண்டாகும். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.